நாற்பத்திரண்டிலிருந்து நாற்பத்தாறு வரை

தையல் யூனிட்டில் அவளை டேப்பு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அளவு டேப்பு கழுத்தை விட்டு இறங்குவதே இல்லை. சாப்பிடும்போதும் அது பாட்டுக்குத் தொங்கும். சீருடைக்கு ஆர்டர் வந்தால் எல்லோருக்கும் மார்பளவு எடுத்து, நாலு இஞ்சுக்கு ஒரு பிரிவாகப் பிரித்து, எந்தப் பிரிவில் எத்தனை பேர் என்று கோடு போடுவது அவள் வேலை. நாலு கோடு நேராக, ஐந்தாவது குறுக்கே. அளவு சரியாக எல்லையில் விழுந்தால் மேல் பிரிவில்தான் சேர்ப்பாள்.

"துவைச்சா துணி சுருங்கும், உடம்பு சுருங்குமா?" என்பாள்.

இந்தத் தடவை ஆர்டர் ஒரு ஆஸ்பத்திரியின் துப்புரவுப் பெண்களுக்கு. அங்கே அவளுடைய அண்ணி புதிதாகச் சேர்ந்திருந்தாள். நல்ல வாட்டசாட்டமான உடம்பு. முந்தைய வேலையில் அண்ணிக்கு மட்டும் மிச்சத் துணியில் தனியாகத் தைத்துக் கொடுத்தார்கள். நிறம் மற்றவர்களோடு ஒட்டவில்லை. ஒரே கிண்டல். பாவம், பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு வேலையையே விட்டாள். இங்கேயும் அப்படி என்றால் நின்றுவிடுவேன் என்று வீட்டில் சொல்லியும் வைத்திருந்தாள்.

டேப்பு அக்கா வழக்கம்போல முப்பத்திரண்டில் தொடங்கி நாலு நாலாகப் பிரித்தாள். நாற்பத்துநாலுக்கு மேல் ஒரே ஒரு கோடு. அண்ணி, நாற்பத்தைந்து.

"மூணு பேராவது இல்லாத சைஸுக்கு அளவு அட்டை வெட்ட முடியாதும்மா," என்றார் சூப்பர்வைசர். "மிச்சத் துணியில தனியா தச்சிடலாம்."

அவளுக்குச் சுருக்கென்றது. அட கடவுளே, மறுபடியுமா! அதுசரி, முப்பத்திரண்டில்தான் தொடங்க வேண்டும் என்று யார் சொன்னது? முப்பதில் தொடங்கினாள். கடைசிப் பிரிவு நாற்பத்திரண்டிலிருந்து நாற்பத்தாறு வரை என்று ஆனது. நாற்பத்திரண்டு அளவுக்காரி ஒருத்தியும் நாற்பத்துமூன்று அளவுக்காரி ஒருத்தியும் அண்ணியோடு வந்து சேர்ந்தார்கள். இப்போதும் பிரிவு நாலேதான்.

"மூணு பேர் ஆச்சு சார்."

"அந்த ரெண்டு பேருக்கும் தொளதொளன்னு இருக்குமே?"

"பக்கத்துல நான் பிடிச்சுக் குடுக்குறேன்."

சூப்பர்வைசர் முனகிக்கொண்டே சரி என்றார். அவளும் சாப்பாட்டு இடைவேளையில் உட்கார்ந்து இரண்டையும் பிடித்துத் தைத்தாள்.

சீருடை கொடுத்த அன்று சாயங்காலம் அண்ணி நேராக அவள் வீட்டுக்கு வந்தாள். பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை.

"உண்மையச் சொல்லு. எனக்குன்னு தனியா தச்சதுதானே?"

"தனியாவா? உங்க சைஸ்ல மூணு பேரு அண்ணி. அதுக்குன்னு அட்டையே வெட்டினோம்."

"மூணு பேரா?"

அண்ணி சட்டையை எடுத்து மடியில் விரித்தாள். கண் நிறைந்துவிட்டது.

"மத்த ரெண்டு பேரு யாருன்னு சொல்லு. நாளைக்கு அவங்க பக்கத்துல உக்காந்து சாப்பிடணும்."