இல்லாத பூனையைத் தேடுகிறவர்

"டாஃபி! டாஃபிக் கண்ணு! எங்கடி போய்த் தொலைஞ்ச?"

மைனஸ் இருபத்தெட்டு டிகிரியில், உறைந்த ஏரியின்மேல் நடந்தபடி முரியல் பிராட்ஃபுட் பூனையைக் கூப்பிடுகிறார். அறுபத்தெட்டு வயது. காலமான கணவரின் ஆரஞ்சு நிற வேட்டைக் கோட்டு முழங்கால்வரை தொங்குகிறது. இரண்டு குளிர்காலமாக இதே பூனையைத் தேடுகிறார். அவரிடம் பூனையே கிடையாது.

அக்கரையில் இருப்பது அவருடைய அப்பா கட்டிய மரவீடு. குளிர்கால வார இறுதிகளில் அதை டொராண்டோக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறார். வண்டிப்பாதையில் பனி தள்ளுவது என் வேலை. முரியலின் புலம்பலைக் கேட்பதும் எப்படியோ என் தலையில் விழுந்துவிட்டது.

கடுங்குளிரில் சமையலறைக் குழாயை நூலளவு திறந்தே வைக்க வேண்டும். ஓடுகிற தண்ணீர் லேசில் உறையாது. எங்கள் பக்கத்தில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் இது தெரியும். நகரத்துக்காரர்களுக்கோ ஒழுகும் குழாயைக் கண்டால் கை பரபரக்கும். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு புண்ணியவான் இறுக்கி மூடினார். உள்ளே குழாய் வெடித்து, தரைப்பலகை எல்லாம் அப்பளமாய் உப்பிவிட்டது. வீட்டில் பாதிப் பங்குள்ள தம்பி வெண்டெல் கால்கரியிலிருந்து போனில் சொன்னார்: "இன்னொரு தடவை வெடிச்சா வித்துடுவோம், அக்கா. அப்புறம் பேச்சே கிடையாது."

அன்றிலிருந்து வீடு முழுக்க எச்சரிக்கைச் சீட்டு. அடுப்புச் சாம்பலுக்கு ஒன்று, குப்பையைக் கிளறும் ரக்கூனுக்கு ஒன்று, கழிப்பறைக்கு மட்டும் மூன்று. எண்ணிப் பார்த்தேன், இருபத்தாறு. அந்தக் கூட்டத்தில் குழாய்ச் சீட்டு யார் கண்ணிலும் படுவதில்லை.

"மத்ததைக் கிழிச்சுப் போடுங்களேன்," என்றேன்.

"எதைக் கிழிக்கச் சொல்ற? எல்லாமே முக்கியம்தானேப்பா!"

குழாயைச் சுற்றிச் சூடேற்றும் கம்பி போடலாம் என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன். "தீப்பிடிச்சா நீ வந்து வாயால ஊதி அணைப்பியா, கிளைவ்?" என்று கேட்டார். இவரிடம் பேசுவதற்குப் பதில் பனிக்குவியலிடம் பேசலாம். அதுவாவது வசந்தத்தில் இளகும்.

முதலில், குழாய் ஓடுகிறதா என்று பார்க்க, நாளைக்கு மூன்று முறை நேராகவே போய்க் கதவைத் தட்டினார். 'வீட்டுக்காரம்மா நிம்மதியாக இருக்க விடுவதில்லை' என்று யாரோ இணையத்தில் எழுதி, இரண்டு நட்சத்திரம் கொடுத்துப் போனார்கள். அந்த ஜனவரி முழுக்க வீடு காலியாகக் கிடந்தது. அதன்பிறகு, வீட்டுப் பக்கம் போக ஒரு சாக்காகப் பிறந்ததுதான் டாஃபி.

போன சனிக்கிழமை வந்திருந்தவர் ட்ரெவர் என்கிற பல் டாக்டர். தங்கமான மனிதர். பூனைக்காக அரை மணி நேரம் இடுப்பளவு பனியில் இறங்கித் தேடினார். முரியல் கொஞ்சமும் கூசவில்லை.

"பூனை கிடைக்கலைங்க. நீங்க உள்ள வாங்க, மூக்கெல்லாம் செவந்துபோச்சு," என்றார் டாக்டர். அவர் சொல்லி முடிப்பதற்குள் முரியல் வாசலைத் தாண்டியிருந்தார். பனி தள்ளிக்கொண்டிருந்த நானும் காபி கிடைக்குமே என்று பின்னால் போனேன்.

"உங்களுக்கு ஒரு நல்ல சேதி," என்றார் டாக்டர் பெருமையாக. "இந்தக் குழாய் ஒழுகிக்கிட்டே இருந்துச்சு. நேத்து சாயங்காலமே வாஷர் மாத்திட்டேன். இனி சொட்டுக்கூட வராது."

முரியலின் முகம் வெளுத்தது. இடறிய கல்லைக்கூட நான்கு தலைமுறைக்குத் திட்டுகிறவர் அவர். அந்த இரண்டு நட்சத்திரம் நினைவுக்கு வந்திருக்கும்; வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, "அடடா, உங்களுக்கு எதுக்குங்க சிரமம்," என்றார்.

போய்க் குழாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. உஸ்ஸென்று காற்று மட்டும் வந்தது. இத்தனை வருஷமாக அவர்மேல் எனக்கு இருந்த எரிச்சல் எங்கே போயிற்றோ தெரியவில்லை. தண்ணீர் வந்துவிட வேண்டுமே என்று நானும் குழாயருகே குனிந்தேன்.

தரைக்கு அடியில் ஏதோ செருமியது. குழாய் பழுப்பாக இரண்டு முறை துப்பியது. பிறகு நூல்போலத் தண்ணீர் இறங்கியது.

"பாத்தீங்களா, எவ்வளவு சுத்தமா வருது! மூடிடவா?" என்று டாக்டர் கையை நீட்டினார்.

"இருங்க, இருங்க. கை கழுவிக்கிறேன்."

முரியல் கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றினார். அந்த ஐஸ் தண்ணீருக்கு அடியில் வெறுங்கையை நீட்டினார். விரல்கள் சிவந்து, பிறகு வெளிறின. டாக்டரைப் பார்த்துச் சிரித்தபடி நின்றார். கையை மட்டும் எடுக்கவே இல்லை.