மணப்பாட்டுக்கு ஒரே காரில் கிழக்கும் மேற்கும்

ஜனவரி கடைசியில் தூத்துக்குடியில் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை லூகாஸ் ஜெர்மன்காரன். அவன் அம்மா காரினும் தாய்மாமன் டீட்டரும் முன்னதாகவே வந்துவிட்டார்கள். காரின் கிழக்கு ஜெர்மனியிலேயே இருந்தவர். டீட்டர், சுவர் விழுந்து இரண்டு ஜெர்மனியும் சேர்வதற்கு முன்பே மேற்கே தப்பிப் போனவர். போன தேர்தலில் ஆளுக்கொரு கட்சி என்று முட்டிக்கொண்டதிலிருந்து அக்காவும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. கல்யாண விருந்தில் இவர்களை எப்படி உட்கார வைப்பது என்பதுதான் லூகாஸின் கவலை. ஊர் சுற்றினாலாவது முகம் இளகுமென்று கடலோர மணப்பாட்டுக்குக் கூட்டிப்போனோம்.

காலை ஏழுக்குக் கிளம்பினோம். திருச்செந்தூர் வழியாகச் சுமார் அறுபது கிலோமீட்டர். காருக்கு நாள் வாடகை 2,800 ரூபாய். வழியெல்லாம் உப்பளம், பனை. பின்சீட்டில் அக்காவுக்கு ஒரு ஜன்னல், தம்பிக்கு ஒரு ஜன்னல்.

திருச்சிலுவைக் கோயில் மேட்டில் ஒருவர் வடக்கே பார்த்து நின்றார், மற்றவர் தெற்கே. டிரைவர் சேவியர் அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, நாடு சேந்துட்டுன்னு சொல்லுதாவ. இவுக ஏன் அங்கனயும் இங்கனயுமா நிக்காவ?"

அப்படியே மொழிபெயர்த்தேன். காரின் அண்ணாச்சியைப் பார்த்துப் பதில் சொன்னார்: "கப்பல் கட்டும் தளத்தில் கிரேன் ஓட்டினேன். நாடு சேர்ந்ததும் வேலை போனது. இவன் போன் பண்ணி, 'இப்போ சுதந்திரம்தானே, சந்தோஷப்படு' என்றான்."

டீட்டரும் அண்ணாச்சியிடமே முறையிட்டார்: "வேலை போனதை இவள் சொல்லவே இல்லை. கிழக்கைத் தூக்கிவிடவென்றே வருஷக்கணக்கில் தனி வரி கட்டினேன். ஒரு நன்றிகூட இல்லையே என்றிருந்தது."

"யம்மா, என்கிட்ட எதுக்கு சொல்லுதாவ? அக்கா பக்கத்துலதான நிக்காவ!"

இதையும் சொன்னேன். முதலில் சிரித்தது காரின்.

டீட்டர் அக்காவிடம் திரும்பி, "அப்புறம் என்ன செய்தாய்?" என்றார்.

"ஆபீஸ்களில் தரை துடைத்தேன். ஹாம்பர்க்கில், உன் ஊரில்தான். ஒரு குளிர்காலம் முழுக்க. வெட்கமாக இருந்தது, உன் வீட்டுக்கு வரவில்லை."

டீட்டர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். காரின் போய் அருகில் உட்கார்ந்து அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

திரும்பும்போது பின்சீட்டில் கட்சிச் சண்டை, துறைமுகம் வரை, உரத்த குரலில். "நான் பிறந்ததே நாடு சேர்ந்த பிறகு. என்னையும் 'ஓ, கிழக்கா?' என்றுதான் கேட்கிறார்கள்" என்று லூகாஸ் முன்சீட்டிலிருந்து புலம்பினான். ஆனால் முகமெல்லாம் சிரிப்பு.

போகிறவர்களுக்கு: வெயில் ஏறுமுன் மேட்டுக்குப் போய்விடுங்கள், நிழல் குறைவு. பஸ் என்றால் திருச்செந்தூரில் மாறவேண்டும். ஒரு நாடு ஒரே நாளில் சேர்ந்துவிடலாம். வீட்டுக்குள் அது தலைமுறை கடந்தும் இழுக்கும் என்று எனக்கு அங்கேதான் புரிந்தது.

விருந்தில் இருவரும் ஒரே மேசை. பாயசம் வரும்வரை பென்ஷனைப் பற்றி வாக்குவாதம். வரும் கோடையில் காரின் ஹாம்பர்க் போகிறார், தம்பி வீட்டுக்கு.