ரெண்டாவது தாங்கி

எங்கடை பிக்கப்புக்கு ரெண்டாவது டீசல் தாங்கி பூட்டினது என்ரை கடைசிப் பெடியனை ஊரிலை மறிச்சு வைக்கத்தான். வேறை ஆக்கள் பிள்ளையளை மறிக்கக் கோயிலுக்கு நேத்தி வைப்பினம், இல்லாட்டிக் கலியாணம் பேசுவினம். நாங்கள் பழைய இரும்புக் கடையளிலை லொறித் தாங்கி தேடித் திரிஞ்சனாங்கள்.

மூத்தவன் கனடா. நடுவிலாள் பிரான்ஸ். கெதியா வாறம் எண்டு சொல்லிப்போட்டுப் போனவை. இப்ப பிரான்சுப் பேரன் போனிலை என்னைக் கண்டால் அந்தப் பாசையிலை என்னவோ சொல்லிச் சிரிக்கும். என்னெண்டு கேட்டால் மகள் ஒண்டுமில்லை அம்மா எண்டுவாள். என்ரை பல்லைப் பற்றித்தான் இருக்கும்.

கடைசிக்காரனுக்கும் கட்டாரிலை லொறி ஓடுற வேலை சரிவந்து, விசாவும் வந்திட்டுது. அவனுக்குப் போக மனமில்லை. எங்கடை கோப்பாய்த் தோட்டத்துக் கத்தரிக்காயைத் தம்புள்ளைச் சந்தைக்குத் தானே கொண்டுபோய்க் குடுத்தால் இஞ்சையே சீவிக்கலாம் எண்டு நினைச்சான். அங்கை ஒரு முதலாளியும் ஓம்பட்டவர். மத்தியானத்துக்கு முன்னம் சாமான் வரவேணும், முதல் லோட்டைப் பாத்துத்தான் மிச்சக் கதை எண்டவராம்.

"இது சரிவந்தால் நான் போகேல்லை அம்மா" எண்டான்.

தடையா நிண்டது டீசல் ஒண்டுதான். போனிலை கியூஆர் காட்டினால் கிழமைக்கு இவ்வளவுதான் எண்டு டீசல் அளந்து விட்ட காலம் அது. அந்தப் பங்கிலை தம்புள்ளைக்குப் போனால் திரும்பி வர ஏலாது. வழியிலை அடிப்பம் எண்டால் பெற்றோல் செட்டுகளுக்கு முன்னாலை டீசல் இல்லையெண்டு கயிறு கட்டிக் கிடக்கும். அதுதான் பங்கைச் சேத்து வைக்க இன்னொரு தாங்கி.

மானிப்பாய்ப் பக்கம் ஒரு கராஜ்காரன் வந்து பூட்டினான். சாமான் ஏத்துற பின்பெட்டிக்கை, சாரதி இருக்கிற இடத்துக்குப் பின்னாலை, பழைய ரயர் துண்டை அடியிலை போட்டு, இரும்புப் பட்டியாலை இறுக்கினான். அடியாலை ஒரு குழாய், அதிலை ஒரு பைப்பு. அதைத் திறந்துவிட்டால் டீசல் தன்பாட்டிலை பழைய தாங்கிக்கு இறங்கும். எல்லாம் முடிஞ்சாப் பிறகு தாங்கியின்ரை உச்சியிலை ஒரு ஓட்டை போட்டு, குடைக் கைபிடி மாதிரி வளைஞ்ச சின்னக் குழாய் ஒண்டை ஒட்டினான்.

சிந்தாமல் வைக்கப் பூட்டுற சாமானிலை ஏன் தம்பி ஓட்டை போடுறாய் எண்டு கேட்டன்.

"மூச்சு விட, ஆச்சி. டீசல் கீழை இறங்க இறங்க மேலாலை காத்து உள்ளை போகவேணும். இல்லாட்டி இறங்காது."

எங்கடை மனிசன் வேலிக்கரையிலை நிண்டு கேட்டுக்கொண்டு நிண்டவர். காத்துப் போற வழியாலை டீசலும் ஆவியாப் போகுமெல்லே எண்டார். போகாது ஐயா, போனாலும் துளிதான் எண்டான் அவன். துளி எண்டது எங்கடை ஆளுக்குப் பிடிக்கேல்லை. சண்டை நேரம், சாமான் வர விடாத அந்தத் தடைக் காலத்திலை மண்ணெண்ணெயிலை மோட்டச்சைக்கிள் ஓடின மனிசன். பெற்றோலைச் சேலைன் போத்திலுக்கை வைச்சு, காலமையிலை ரெண்டு சொட்டு விட்டு ஸ்டார்ட் பண்ணுவார். அந்தப் போத்திலைப் பாத்த பார்வையிலை பாதிகூட என்னைப் பாத்தேல்லை. இண்டைக்கும் வீட்டிலை நல்லெண்ணெய்ப் போத்திலை இவர் மூடினால் திறக்கப் பக்கத்து வீட்டுப் பெடியளைத்தான் கூப்பிடவேணும்.

போறதுக்கு முதல்நாள் பின்னேரம் தாங்கிக்குச் சந்தனம் வைக்கிறன் எண்டு இவர் மேலை ஏறினவர். கனநேரம் இறங்கேல்லை. தாங்கிக்குத் தேவாரமும் பாடுறியளோ எண்டு நான் கீழை நிண்டு நக்கலடிச்சனான்.

விடியப்புறம் கத்தரிக்காய் மூட்டையளை ஏத்தி, தறப்பாள் போட்டு வெளிக்கிட்டம். நித்திரை தூங்காமல் கதைச்சுக்கொண்டு வர ஒரு ஆள் வேணும் எண்டு என்னையும் ஏத்தினவன். அந்த வேலைக்கு எங்கடை பக்கத்திலை என்னைவிடத் திறமான ஆள் இல்லை. ஆனையிறவு தாண்டும் மட்டும் ஊர்ச் சனத்தின்ரை தோலை உரிச்சுக்கொண்டு வந்தன். அவன் சிரிச்சு ஸ்டேரிங்கிலை அடிச்சவன். அவன் அப்பிடிச் சிரிச்சுக் கனகாலம். கிளிநொச்சியிலை இறங்கி அந்தப் பைப்பைத் திறந்துவிட்டான்.

மாங்குளம் தாண்ட பிக்கப் ரெண்டு தரம் இருமிப்போட்டு நிண்டுது.

டீசல் அளவு காட்டுற முள்ளுச் செத்து எத்தினையோ வரியம். பெட்டிக் கரையிலை தெரிஞ்ச புதுத் தாங்கியின்ரை மூடியைத் திறந்து தடி விட்டுப் பாத்தான். திறக்கேக்கை உஸ் எண்டு ஒரு சத்தம். டீசல் வடிவாய்க் கிடந்தது. மூடிப்போட்டு, கையாலை பம்ப் அடிச்சு, எஞ்சினுக்குப் போற குழாயிலை இருந்த காத்தை எடுத்தான். ஸ்டார்ட் வந்திட்டுது. கொஞ்சத் தூரம் போய்த் திரும்பவும் நிண்டுது. திரும்பவும் மூடி, உஸ், பம்ப். டீசல் ஊத்தையாக்கும் எண்டு பில்டரைக் கழட்டி என்ரை சீலைத் தலைப்பாலை துடைச்சான். திரும்பவும் ஓடி, திரும்பவும் நிண்டுது.

வெயில் ஏறிச்சுது. ரெண்டு பக்கமும் காடு. நான் கதைக்கிறதை நிப்பாட்டிப்போட்டன். முதலாளி எடுத்து எங்கை நிக்கிறியள் எண்டு கேட்டார். பேந்து எடுத்து, கெதியா வாங்கோ எண்டார். பேந்து இவன் எடுக்க, அவர் தூக்கேல்லை.

ஓமந்தைக்குக் கிட்டப் போகேக்கை பின்னாலை டங் எண்டு ஒரு சத்தம். இறங்கிப் பாத்தால் தாங்கியின்ரை ஒரு பக்கம் உள்ளுக்கை ஒட்டிக் கிடக்கு, பட்டினி கிடந்த மாட்டின்ரை வயிறு மாதிரி. அவன் அதைக் கையாலை தட்டிப் பாத்தான். பேந்து தறப்பாளை இழுத்து, மூட்டையளைத் தள்ளி, அந்த வளைஞ்ச குழாயைத் தேடிப் பிடிச்சான்.

குழாயின்ரை வாய்க்குள்ளை ஒரு தடிக் கட்டை. அதைச் சுத்திச் சைக்கிள் ரியூப். அதுக்கு மேலை நூல் கட்டு. அந்த முடிச்சு புகையிலைச் சிப்பம் கட்டுற முடிச்சு. எங்கடை வீட்டிலை அதைப் போடுற ஆள் ஒராள்தான்.

எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. அவன்ரை முகத்தைப் பாத்துப்போட்டு வாயைப் பொத்தினன்.

கத்தியாலை அறுத்தான். தாங்கி இழுத்து ஒரு மூச்சு விட்டுது பாருங்கோ, தண்ணிக்கை அமிழ்ந்து எழும்பின பிள்ளை மாதிரி. அதுக்குப் பிறகு தம்புள்ளை மட்டும் ஒரு இடத்திலையும் நிக்கேல்லை. அது ஓடின வடிவைப் பாக்கத்தான் எனக்கு அழுகை வந்தது.

நாங்கள் போய்ச் சேரச் சந்தையைக் கழுவிக்கொண்டு நிக்கினம். முதலாளி நல்ல மனிசன், ஏசேல்லை. கோவம் ஒண்டுமில்லைத் தம்பி, எனக்கு நேரத்துக்குச் சாமான் வேணும், வேறை ஆளிட்டை எடுத்திட்டன், இனியும் அவரிட்டைத்தான் எடுப்பன் எண்டார். தறப்பாளுக்குள்ளை கிடந்த கத்தரிக்காய் என்ரை கன்னம் மாதிரிச் சுருங்கிப் போச்சு. திரும்பி வரேக்கை வவுனியாவிலை றோட்டோரம் கேட்ட விலைக்குக் குடுத்தம். மிச்சத்தை மாடுகள் திண்டுது.

"அடுத்த கிழமை வேறை முதலாளியைப் பாப்பம் மோனை. இப்ப தாங்கி வடிவாய் மூச்சு விடுதெல்லே" எண்டன்.

"தாங்கி விடுது அம்மா."

மாங்குளமும் தாண்டிச்சுது. பேந்து அவனாத்தான் சொன்னான், கட்டார்க்காரர் தந்த தவணை முடியப்போகுது, இதையும் பிடிச்சு அதையும் பிடிக்க ஏலாது எண்டு. என்ரை பக்கம் திரும்பினான்.

"அந்தக் கட்டையைப் பற்றி அப்பாட்டைச் சொல்லிப்போடாதை அம்மா. செத்துப் போவார் மனிசன்."

படலையிலை இவர் ரோச் லைட்டோடை நிண்டவர். பிக்கப்பின்ரை வெறும் பெட்டியைக் கண்டிட்டுச் சந்தோசம். முழுக்க வித்துப் போட்டியளோ எண்டார். இவன் இல்லை அப்பா எண்டு சொல்ல, முகம் செத்துப் போச்சு. பேந்து மெல்லமாய்க் கேட்டார், ஒரு சொட்டாவது சிந்தினதே எண்டு.

"ஒரு சொட்டும் சிந்தேல்லை அப்பா. டீசல்தான் ஊத்தை."

அந்த மட்டுக்கு மனிசனுக்கு ஒரு ஆறுதல்.

பெடியன் கட்டாருக்குப் போட்டான். போற அண்டு விடிய இவர்தான் அவன்ரை உடுப்புப் பெட்டியைக் கட்டினவர். என்ன முடிச்சுப் போட்டவர் எண்டு நான் சொல்லத் தேவையில்லை. அவன் அந்த முடிச்சைக் கையாலை ஒருக்காத் தடவிப்போட்டு, வந்து நிண்ட வானுக்கை ஏறினான்.

பிக்கப்பைக் குருநகரிலை மீன் ஏத்துற ஒராள் வந்து வாங்கினார். இவர் அவரைக் கூட்டிக்கொண்டு போய்த் தாங்கியைக் காட்டி, உந்தக் குழாயைச் சும்மா விட்டிடாதையுங்கோ, நல்லாய் அடைச்சு வையுங்கோ, எங்களுக்கு ஒரு சொட்டும் வீணாப் போகேல்லை எண்டு படிப்பிச்சவர். நான் படலை மட்டும் பின்னாலை ஓடிப்போய், தம்பி, அதை மட்டும் செய்து போடாதையுங்கோ எண்டன். ஏன் அம்மா எண்டார். பின்னாலை இவர் வாறது கேட்டுது, சும்மாதான் தம்பி எண்டன். அவர் என்னை ஒரு மாதிரிப் பாத்துப்போட்டுப் போனார்.

கலியாணம் கட்டின நாளிலை இருந்து இந்த மனிசனைப் பகிடி பண்ணித்தான் நான் பொழுது போக்கினனான். அவரின்ரை குறட்டை, அவர் மூடின போத்தில், எல்லாம் எனக்குச் சாப்பாடு. இப்ப என்ரை ஆயுளிலை கிடைச்ச பெரிய பகிடி வாய்க்குள்ளை கிடக்கு, துப்பவும் ஏலாது, விழுங்கவும் ஏலாது. எந்தப் பகிடியைத் தொட்டாலும் அது அங்கைதான் போய் முட்டும் எண்ட பயத்திலை ஒண்டையும் தொடுறேல்லை. வாற சனத்துக்கெல்லாம் இவர், ஊத்தை டீசலாலைதான் என்ரை பெடியன் போனவன் எண்டு சொல்லி அரசாங்கத்தைத் திட்டுறார். நான் தேத்தண்ணி ஊத்த எழும்பிப் போடுவன்.

போன கிழமை பின்னேரம் எனக்கு முன்னாலை வந்து நிண்டு பாத்தார்.

"என்ன நீர் இப்ப கதைக்கிறேல்லை. சுகமில்லையே?"

"தடிமன்" எண்டன்.

குசினிக்கை போய்த் தானே கொத்தமல்லி அவிச்சு, ஊதி ஊதி ஆத்திக் கொண்டு வந்து தந்தார். குடிச்சன்.