குரல் கொடுக்காத மிஸ்ஸி

அந்தக் காலத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவு என்றெல்லாம் எங்கள் ஆஸ்பத்திரியில் கிடையாது. வார்டின் கோடியில் ஓர் அறை இருந்தது. பிழைப்பாரா என்று சொல்ல முடியாதவர்களை அதில் படுக்க வைத்து, தாதி ஒருத்தி கூடவே இருப்பாள்; நோயாளிகள் எங்களை மிஸ்ஸி என்பார்கள். தாதிகளில் தேயிலைத் தோட்டத்துத் தமிழச்சி நான் ஒருத்திதான். அதனால் தோட்டத்து நோயாளி வந்தால் அந்த அறை எனக்கு. அதில் எனக்குத் தலைக்கனமும் உண்டு.

டயகமப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்தார்கள். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிக் குட்டையாக்கும்போது கத்தி காலில் பட்டு, அந்தப் புண்ணால் ஏற்புவலி என்கிற டெட்டனஸ் கண்டிருந்தது. தாடை பூட்டிக்கொண்டுவிட்டது. வெளிச்சமோ சத்தமோ பட்டால் உடம்பு வில்லாக வளையும்; அந்த வலிப்பில் மூச்சே நின்றுவிடலாம். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டினோம்.

நான் செருப்பைக் கழற்றிவிட்டு, "அண்ணே, நான்தான் வர்றேன், பயப்படாதீங்க" என்று மெல்லச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போவேன். அறைகளை வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தில் பிறந்தவளுக்கு, குரல் கொடுக்காமல் அடுத்தவர் காம்பராவுக்குள் கால் வைக்க வராது.

என்னோடு இருந்த இன்னொரு தாதி தெற்கே காலி நகரத்துப் பக்கத்துச் சிங்களப் பெண். தமிழில் ஒரு சொல் தெரியாது. வாயை மூடிக்கொண்டு போவாள், ஊசி போடுவாள், வாயை மூடிக்கொண்டு வருவாள். மரக்கட்டை என்று மனசுக்குள் திட்டுவேன்.

அந்த மரக்கட்டை போனால் அவர் அமைதியாகக் கிடந்தார். நான் போனால் வளைந்தார். வாசலில் நின்று பார்த்த டாக்டர், உன் குரல்தான் அவரைக் கொல்கிறது என்றார். பேசவே மாட்டேன் என்று கெஞ்சி இன்னொரு தடவை போனேன். உதட்டைக் கடித்துக்கொண்டுதான் போனேன். கட்டிலருகே போனதும் "அண்ணே" என்று வந்துவிட்டது. அத்தோடு அந்த அறை அவளுக்குப் போனது.

மறுநாள்தான் அவர் மனைவி வந்து சேர்ந்தாள். உள்ளே விடவில்லை. வராந்தாவில் கதவைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

நான் பின்னறையில் ஊசி அவித்தேன், மருந்து அளந்தேன், மூக்குக் குழாய் வழியாகக் கொடுக்கப் பால் கலந்தேன். எல்லாவற்றையும் தட்டில் வைத்து அந்த மரக்கட்டையின் கையில் கொடுப்பேன். வயிறு பற்றி எரியும். என் சனம், என் பாஷை, பார்ப்பது இவளா? அவள் கொண்டை, நடை, சோற்றைப் பிசைகிற அழகு எதுவுமே எனக்குப் பிடிக்கவில்லை. அவர் பிழைக்க வேண்டும் என்று மாரியம்மனை வேண்டினேன். இவளுக்கு ஒரு காய்ச்சலாவது வரட்டும் என்றும் அதே மூச்சில் வேண்டினேன்.

காய்ச்சல் வரவில்லை. அவர் பிழைத்தார். தாடை திறந்தது, கஞ்சி குடித்தார், எழுந்து நடந்தார்.

வீட்டுக்குப் போகிற அன்று மனைவி அந்தச் சிங்களப் பெண்ணின் காலில் விழுந்தாள். அவள் பதறிப்போய்த் தூக்கிவிட்டாள். மனைவி என் பக்கம் திரும்பினாள்.

"மிஸ்ஸி, இவங்களுக்கு நம்ம பேச்சு தெரியாதுங்களே. என் தாலிய காப்பாத்துன சாமி இவங்கதான்னு கொஞ்சம் சொல்லுங்க."

சொன்னேன். ஒரு சொல் குறைக்காமல் சிங்களத்தில் சொன்னேன். அவள் கண் கலங்கிவிட்டது. என் கண்ணும்தான், காரணம் வேறு.

மனைவி புருஷனைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு என்னிடம் அன்பாகக் கேட்டாள்:

"ரொம்ப நல்லதுங்க மிஸ்ஸி. நீங்க எந்த வார்டுங்க?"