மூச்சு வாங்குகிறவர்களுக்குப் பின்னால்

அடுத்தவர் களைத்துப் போவார் என்று காத்திருப்பதும் ஒரு பிழைப்பா? எர்மெலிந்தா வாழ்ந்ததைப் பார்த்தால் அப்படிக் கேட்கத்தான் தோன்றும்.

பகாயா எரிமலையின் அடிவாரத்தில், நுழைவாயிலுக்கு வெளியே, குதிரைக்காரர்கள் வரிசையாக நிற்பார்கள். வெளிநாட்டுக் கூட்டம் ஒன்று மலையேறத் தொடங்கினால், முதலில் நிற்பவர் குதிரையோடு பின்னாலேயே போகவேண்டும். யாராவது மூச்சு வாங்கி நின்றால் "டாக்ஸி, டாக்ஸி" என்று கூவவேண்டும். ஒருவரும் களைக்காவிட்டால் சும்மா இறங்கி வரிசையின் கடைசிக்குப் போகவேண்டும்.

கணவன் பிழைப்புக்காக வடக்கே போய் அங்கே வேறு குடும்பம் தேடிக்கொண்ட பிறகு எர்மெலிந்தா இந்த வேலைக்கு வந்தாள். அவளை இனிய சுபாவக்காரி என்று சொல்ல முடியாது. அவள் கூவுவதில் ஒரு மிரட்டல் இருக்கும். அதற்குப் பயந்தே ஏறி உட்கார்ந்தவர்கள் உண்டு.

அன்று அவளுடைய முறை. மலை பொங்கியதால் பல வாரம் அடைத்துக் கிடந்த வாயில் அப்போதுதான் திறந்திருந்தது. எல்லா வீட்டிலும் வெறும் சோள ரொட்டியும் உப்பும்தான். அர்ஜென்டினாவிலிருந்து ஒரு தாயும் மகளும் வழிகாட்டியுடன் ஏறினார்கள். தாய் நெலிதாவுக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை ஆகியிருந்தது.

"யோகம்தான் அக்கா! பாதி வழியிலயே ஏறிடும் அந்தக் கெழவி," என்றான் வரிசையில் அடுத்து நின்ற தொரிபியோ.

"உன் குதிரையை விட நல்லாத்தான் நடக்குது. வாயை மூடு."

எரிமலைச் சாம்பல் காலை வாரும் பாதை அது. தாயும் மகளும் பேசிக்கொண்டே போனது பின்னால் வந்தவளுக்குத் தெளிவாகக் கேட்டது.

"குதிரையில ஏறிக்கோம்மா. யாருகிட்ட வீரத்தைக் காட்டுற?"

"உன்கிட்டத்தான். என்னால மாடிப்படி ஏற முடியாதுன்னு சொல்லித்தானே என் வீட்டை விக்கப் பாக்குற? நெருப்பு தெரியுற எடம் வரைக்கும் நடந்துட்டா?"

மகள் சில்வினா சிரித்துவிட்டாள். "நடந்துட்டா விக்கல, போ. சத்தியம்."

"டாக்ஸி," என்றாள் எர்மெலிந்தா.

"இந்தப் பொம்பள வேற, கழுகு மாதிரி!" என்று திரும்பிப் பார்த்துத் திட்டினாள் நெலிதா.

"கழுகு கொத்தும்மா. நான் தூக்கிட்டுத்தானே போறேன்."

நெலிதாவுக்கும் சிரிப்பு வந்தது. அதன் பிறகு எர்மெலிந்தா கூவவில்லை. பெண்குதிரையின் கழுத்தில் கையை வைத்தபடி வந்தாள்.

காடு முடிந்து கருங்கல் சரிவு தொடங்கும் இடத்தில் மலை உள்ளுக்குள் உறுமியது. சிவப்பாக ஒழுகும் நெருப்பைப் பார்க்க இன்னும் ஒரு செங்குத்தான ஏற்றம்தான் பாக்கி. நெலிதா ஒரு பாறையில் சாய்ந்துகொண்டாள். உதடுகள் வெளுத்திருந்தன. வழிகாட்டி அவளுடைய நாடியைப் பிடித்துப் பார்த்து, ஓய்வு எடுத்தால் போதும் என்றான்.

"போதும்," என்றாள் அவள், மகளைப் பார்க்காமல். "அந்தக் குதிரையைக் கூப்பிடு. வீட்டை என்ன வேணா பண்ணிக்கோ."

சில்வினா பணப்பையைத் திறந்தாள்.

ஏற வந்தவரை மறுத்தாலும் சரி, நொண்டிக் குதிரையைக் கொண்டுவந்தாலும் சரி, மழைக்காலம் முடியும் வரை வரிசையில் இடம் கிடையாது. குதிரைக்காரர் சங்கத்தில் அந்த விதிக்குக் கைதூக்கியவர்களில் எர்மெலிந்தாவும் ஒருத்தி. களைத்தவளே வாய்விட்டுக் கேட்ட பிறகு மறுக்க யாருக்கு என்ன உரிமை? அந்த ஒரு நிமிடத்தில் சொன்னது நெலிதாவின் மனமா, முழங்காலா என்று பிரித்துப் பார்க்க யாரால் முடியும்?

"குதிரைக்குக் கால் சரியில்லம்மா," என்றாள் எர்மெலிந்தா. கயிற்றைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு இறங்கத் தொடங்கினாள்.

நாலடிக்கு ஒருமுறை உட்கார்ந்து உட்கார்ந்து நெலிதா மேலே போய்ச் சேர்ந்தாள் என்று வழிகாட்டி பிறகு சொன்னான். மகள் வாக்கைக் காப்பாற்றினாளா என்பது இங்கே யாருக்கும் தெரியாது. சில்வினா வாயிலில் புகார் சொல்லிவிட்டுத்தான் வண்டி ஏறினாள்.

சங்கத் தலைவர் அவெலினோ குதிரையை முன்னும் பின்னும் நடத்திப் பார்த்தார். அது ஒழுங்காக நடந்தது.

"கால்ல ஒண்ணுமில்லையே. ஏன் பொய் சொன்ன, எர்மெலிந்தா? காரணம் ஏதாவது இருந்தா சொல்லு, பேசிப் பாக்கலாம்."

எர்மெலிந்தா சேணத்தைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டாள். வரிசையில் தனக்குப் பின்னால் வந்து சேர்ந்திருந்த தொரிபியோவைத் தன் இடத்துக்கு நகர்ந்து நிற்கச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள்.