ஜுருக் கடையும் ஒரு சிட்டிகைத் திருநீறும்

என் வீட்டுக்காரர் லாரன்ஸைப் பற்றி யாரைக் கேட்டாலும் பொறுமைசாலி என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பொறுமையைக் கட்டிக்கொண்டு குடும்பம் நடத்தியவள் நான்தானே, எனக்குத்தான் தெரியும்.

சுங்கை பாக்காப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பால்மரம் வெட்டப் பிடிக்காமல் கடல் தாண்டிப் பக்கத்துத் தீவுக்கு வந்து, ஆயர் ஈத்தாமில் காடிகளுக்கு, அதாவது கார்களுக்கு, ரேடியோ பூட்டும் சீனர் கடை ஒன்றில் சேர்ந்தார். அது எழுபத்து நாலாம் வருஷம். ரேடியோ போய் கேசட் வந்தது. எது வந்தாலும் அவருக்கு ஒரே வேலைதான்: டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுப்பது, கழுத்தை மடக்கிக்கொண்டு ஒயரைத் தேடுவது. தொண்ணூறில் இடுப்பு விட்டுப்போனது. காலையில் கட்டிலிலிருந்து எழுந்திருக்க என் தோளைப் பிடித்துக்கொள்வார். இனிமேல் படுத்து வேலை செய்யாதே என்றார் டாக்டர். வேறு வேலை எது தெரியும் இவருக்கு?

அந்தச் சமயத்தில்தான் கடை முதலாளி, நாங்கள் தவுக்கே என்று கூப்பிடுகிறவர், ஜுருவில் பெரிய கடை திறக்கப் போவதாகச் சொன்னார். அங்கே லாரன்ஸ்தான் பொறுப்பு என்றார். நின்றபடி வாடிக்கையாளர்களிடம் பேசலாம். படுக்க வேண்டாம், குனிய வேண்டாம். கடைக்கு மேலே குடியிருக்க இரண்டு அறைகள்கூட உண்டாம். மாதா படத்தை எந்தச் சுவரில் மாட்டுவது என்பதுவரை நான் யோசித்து முடித்துவிட்டேன். அவருக்கு முதுகு, எனக்கு வீடு. எல்லாம் அந்த ஜுருவில்தான் இருந்தது.

கடை திறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்னால் வக்கீல் தியாகராஜா வந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், கல்யாணமாகாத பிள்ளை, அம்மாவோடு இருக்கிறவர். சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கியிருந்தார். இரண்டே பேர் உட்காரலாம். அதில் சீடி பிளேயர் பூட்ட வேண்டும் என்றார். சீடி அப்போது புதுசு. கடையில் யாரும் காடியில் பூட்டிப் பார்த்ததில்லை. இது நல்லபடியாக அமைந்தால் வக்கீலின் கூட்டாளிகள் எல்லாரும் வருவார்கள், ஜுருக் கடை பிழைத்துக்கொள்ளும் என்று தவுக்கே லாரன்ஸிடம் சொல்லியிருக்கிறார்.

அந்தக் காடி தரையோடு தரையாகக் கிடக்கும். ஆரோக்கியமான மனுஷனே அதற்குள் மடங்கித்தான் நுழைய வேண்டும். இவர் இடுப்பில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நுழைந்தார். டேஷ்போர்டில் ஒரு கீறல் விழாமல் பூட்டி முடித்தார். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

“கரகரன்னு ஒரு சத்தம் கிடையாது தெரேசா. பாடறவங்க மூச்சு இழுக்கறதுகூட கேக்குது” என்றார். கல்யாணத்தன்றுகூட அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பிளேயரை இயக்கக் காட்டிக்கொடுப்பதற்காக வக்கீல் வீட்டுக்கே போனார். வக்கீலின் அம்மா கமலாம்பிகை பூசைக்குத் தயாராக நின்றிருந்தார். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம், ஸ்டியரிங்கில் சந்தனம் குங்குமம், சூடம். அது வரைக்கும் சரி. பிறகு புதுசாக வந்திருக்கும் சாமானுக்கும் வைக்க வேண்டாமா என்று சொல்லி, பிளேயரின் முகத்தில் திருநீற்றைக் குழைத்து மூன்று பட்டை இழுத்தார். சீடி நுழையும் வாய் அங்கேதான் இருக்கிறது. ஒரு சிட்டிகை உள்ளே விழுந்ததை இவர் கண்ணால் பார்த்திருக்கிறார்.

“அம்மா, அதுல மட்டும் வேணாங்க” என்று சொல்லியிருக்கிறார்.

அந்த அம்மா திரும்பிப் பார்த்து, “தம்பி பேர் என்ன?” என்று கேட்டாராம்.

இவர் பேரைச் சொன்னார். கிறிஸ்தவப் பேர் என்றதும் அந்த அம்மா சூடத்தட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். வக்கீல் அந்தத் திருநீற்றின் மேலேயே சீடியைத் தள்ளினார். அது அத்தனையையும் வாரிக்கொண்டு உள்ளே போனது.

திருநீற்றின் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. எங்கள் சாமியார் தீர்த்தத்தைத் தெளித்திருந்தாலும் அந்தப் பிளேயர் கெட்டுத்தான் போயிருக்கும். மின்சாரச் சாமானுக்கு எந்தச் சாமியும் ஒன்றுதான்.

ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. பாட்டு விக்கியது, ஒரே வார்த்தையில் மாட்டிக்கொண்டு நின்றது. வக்கீல் கடைக்கு வந்து காய்ந்தார். இவர் கழற்றிப் பார்த்தால் லென்ஸ் மேல் வெள்ளையாக அப்பியிருந்தது, திருநீற்று வாசனையோடு. துடைத்தும் சரிவரவில்லை. நடந்ததைச் சொன்னார். வக்கீலுக்கு முகம் சிவந்துவிட்டது. என் அம்மா வைத்த திருநீற்றைக் குறை சொல்கிறாயா, வேதக்காரனுக்கு அது கண்ணை உறுத்துகிறதா என்று கேட்டிருக்கிறார். படித்த மனுஷன். பக்கத்தில் நின்று பார்த்த மனுஷன். தெரியாமலா கேட்டிருப்பார்?

தவுக்கே இவரைத் தனியாகக் கூப்பிட்டார். வக்கீலைப் பகைத்துக்கொள்ள முடியாது, உன் தப்பு என்று சொல்லி முடித்துவிடு, ஜுருவை நினைத்துக்கொள் என்று சொன்னாராம். இவரும் ஜுருவை நினைத்துக்கொண்டார். நேரே வக்கீலிடம் போய், “என் கைதான் சுத்தமில்ல சார். பூட்டும்போது தூசி உள்ள போயிருச்சு. மன்னிச்சிருங்க” என்று சொன்னார். கடையில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள்.

இதை வீட்டில் வந்து சொன்னபோது நான் சோற்றுத் தட்டைத் தரையில் வைத்த சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். கொஞ்ச நாள்தான் தெரேசா, ஜுருவுக்குப் போய்விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றார்.

தவுக்கே வேறு பிளேயர் கொடுத்தார். அதைப் பூட்டிக் காடியை வக்கீல் வீட்டுக்குக் கொண்டுபோன அன்றைக்கு நானும் கூடப் போனேன். அந்தக் காடியில் உட்கார்ந்தால் யாராவது கைகொடுத்துத் தூக்கினால்தான் இவரால் எழ முடியும் என்கிற நிலைமை. இந்தத் தடவை இவர் பிளேயரின் வாயில் கண்ணுக்குத் தெரியாதபடி டேப் ஒட்டியிருந்தார். அந்த அம்மா பழையபடி மூன்று பட்டை இழுத்தார். அவர் சூடம் காட்டித் திரும்பியதும், இவர் துடைப்பதுபோல் டேப்பை உரித்து, மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எறிய வேண்டியதுதானே என்று திரும்பி வரும்போது கேட்டேன்.

“திருநீறு ஆச்சே, கண்ட இடத்துல போடலாமா?” என்றார். இந்த மனுஷனை என்ன செய்வது, சொல்லுங்கள்.

பிளேயர் நன்றாகப் பாடியது. ஜுருக் கடையும் திறந்தது. பொறுப்பு சுலைமானுக்குப் போனது. சுலைமான் கேசட் கழற்றக் கற்றுக்கொண்டதே இவரிடம்தான். தவுக்கேயிடம் போய்க் கேட்டிருக்கிறார் இவர். புதுக் கடையில் எல்லாம் சீடிதான், தூசி விட்டுக் கெடுத்தேன் என்று நீயே சொன்னாயே, உன்னை எப்படி அங்கே வைப்பது என்று பதில் வந்தது. நீங்கள்தானே அப்படிச் சொல்லச் சொன்னீர்கள் என்றாராம் இவர். சொல்லச் சொன்னேன், பொய்யையா சொல்லச் சொன்னேன் என்று மலாய் மொழியில் திருப்பிக் கேட்டாராம் தவுக்கே. என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வந்து அடுத்த காடிக்கு அடியில் படுத்தார்.

அடுத்த மாதம் ஆயர் ஈத்தாம் பசாரில் கமலாம்பிகை அம்மாவைப் பார்த்தேன். என்னை அடையாளம் கண்டுகொண்டு அவரே அருகில் வந்தார். குரலில் பிரியம்தான் இருந்தது. அதுதான் என்னை எரித்தது.

“பிள்ளை, உங்கட வீட்டுக்காரரிட்ட சொல்லுங்கோ, இந்த முறை நல்லாப் பாடுது. முதல்லயே இப்படிக் கவனமாச் செஞ்சிருக்கலாம், என்ன?”

வாயைத் திறக்காதே என்று இவர் எத்தனையோ தடவை சொல்லியிருந்தார். என்னால் முடியவில்லை.

“அம்மா, அவரு ரெண்டு தடவையும் ஒரே மாதிரிதான் பூட்டினாரு. மொத தடவை உங்க திருநீறு உள்ள போயிருச்சு. ரெண்டாந் தடவை டேப் ஒட்டினாரு. நீங்க அந்த டேப் மேலதான் பூசினீங்க.”

அந்த அம்மாவுக்குக் கோபம் வரவில்லை. கீரைக்கட்டைக் கூடையில் வைத்துவிட்டு என் கையைத் தொட்டார்.

“வீட்டில வந்து அப்படியா சொன்னவர்? பாவம். கடையில எல்லாருக்கும் முன்னால என்ர மகனிட்ட தன்ர பிழையெண்டு அவரே ஒத்துக்கொண்டாரே, பிள்ளை.”

மீன் வாங்காமலே பஸ் ஏறினேன்.

சாயங்காலம் வேலை விட்டு வந்தவர் முதுகுக்குத் தைலம் தேய்த்துவிடச் சொன்னார். குப்புறப் படுக்க வைத்துத் தேய்த்தேன். பசாரில் நடந்ததைச் சொல்லவில்லை. கொஞ்சம் அழுத்தித்தான் தேய்த்தேன். வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, அந்த மனுஷன்.