நெற்றியிலிருந்து இறங்கிய மூக்கு

என் மூக்கின் வலது பாதி முதலில் இருந்த இடம் நெற்றி. இதைச் சொன்னால் சிலர் இன்றைக்கும் நம்புவதில்லை. பக்கத்தில் வந்து, என் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள். பார்க்கட்டும். நானே அதைப் பார்த்து முடித்தபாடில்லை.

மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம். வெண்ணந்தூருக்குப் பக்கத்தில் எங்கள் காடும் வீடும். எனக்கு நாற்பதை நெருங்கிய வயது. மூக்குத்திக்கு ஓரமாகக் கடுகளவு ஒரு பரு வந்தது. வலி கிடையாது. பொருக்குத் தட்டி உதிரும், ஆறிவிட்டது என்று நினைப்பேன், மறுபடியும் ஈரமாகும். மூக்குத்தியில் செம்பு கூடிப்போயிற்று என்றார்கள். நானும் தட்டானை வாய்க்கு வந்தபடி வைதேன். வேறு மூக்குத்தி மாற்றினேன். மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவியே சில வருஷங்களை வீணாக்கினேன். அதற்குள் அந்தப் பக்கத்து மூக்கு எலி கடித்த தேங்காய்ச் சில்லு மாதிரி ஆகிவிட்டது. தட்டான் பாவம், அவன்மேல் ஒரு தப்பும் இல்லை.

தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானபோதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பக்கத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மணப்பெண் வந்து உட்காருவதற்கு முன்னால், மாப்பிள்ளையோடு அவன் உடன்பிறந்தவள் ஒரே சேலையின் முனைகளைப் பிடித்து நிற்க வேண்டும். புதிதாக ஒருத்தி வந்தாலும் இவள் உறவு அறாது என்பதற்கு ஊரே சாட்சி. எங்கள் அம்மா போனபோது தம்பி கைக்குழந்தை. என் மூத்தவனோடு அவனையும் நான்தான் பால் கொடுத்து வளர்த்தேன். அந்தச் சீரில் இன்னொருத்தி நிற்பதை நினைத்தாலே எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

வண்டி கட்டி ஆட்டையாம்பட்டி போய், அங்கிருந்து பஸ்ஸில் சேலம் போனோம், நானும் என் வீட்டுக்காரரும். ஆஸ்பத்திரி டாக்டர் தெற்கத்திக்காரர், நரைத்த மீசை, நிதானமான பேச்சு. பார்த்த உடனே புற்று என்று சொல்லிவிட்டார். உடம்பெல்லாம் ஓடுகிற ஜாதி இல்லையாம். ஆனால் இருக்கிற இடத்தில் உட்கார்ந்து தின்றுகொண்டே போகுமாம். சுற்றிலும் கொஞ்சம் நல்ல தோலோடு சேர்த்து வெட்டி எடுக்க வேண்டும் என்றார். வெட்டின இடத்தில் ஓட்டையாகவா இருக்கும் என்று கேட்டேன்.

அப்போது அவர் ஒரு துண்டுத் துணியை எடுத்து என் மூக்கின்மேல் படியவைத்து, கத்தரித்து, மேசையில் விரித்துக் காட்டினார். காம்போடு ஒரு பூவரச இலை மாதிரி கிடந்தது அந்தத் துணி. அதை அப்படியே என் நெற்றியில் வைத்து, காம்பு புருவங்களுக்கு நடுவே வருகிற மாதிரி அளந்தார். இந்த அளவுக்குத் தோலை உரித்து, காம்பை மட்டும் அறுக்காமல் விட்டு, கீழே திருப்பி மூக்கில் தைப்பாராம். காம்பு வழியாக ரத்தம் வந்துகொண்டிருக்கும். மூக்கு அந்தத் தோலை ஏற்றுக்கொண்ட பிறகு காம்பை அறுப்பாராம். நம் நாட்டில் ரொம்பக் காலமாகத் தெரிந்த வைத்தியம்தான் என்றார்.

எனக்குப் பயம் போய் வேடிக்கை பிடித்துக்கொண்டது. நெற்றி வியர்த்தால் மூக்கும் வியர்க்குமா, அங்கே மயிர் முளைக்குமா என்றெல்லாம் கேட்டேன். கோபம் வந்தால் மூக்குச் சுருங்குமா என்று கேட்டபோது, ஏற்கெனவே மூக்குக்குமேல் கோபம் வருகிறவள்தான் என்று என் வீட்டுக்காரர் டாக்டரிடம் போட்டுக்கொடுத்தார். டாக்டர் சிரிக்கவில்லை. என் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நடு நெற்றியில் எனக்கு ஒரு பச்சைப் பொட்டு உண்டு. சின்ன வயதில் பச்சை குத்த வந்த குறத்தி மூன்று ஊசியைச் சேர்த்துக் கட்டிக் குத்தியது. துணி இலை அதன்மேல்தான் விழுந்தது.

"இதுவும் மூக்குக்குப் போய்விடும், அம்மா. தள்ளி எடுத்தால் தோல் எட்டாது," என்றார்.

போகட்டும் என்றேன். ஓட்டை இருப்பதற்குப் பொட்டு இருக்கலாமே.

மயக்க மருந்தின் இனிப்பு வாசனை மட்டும்தான் நினைவிருக்கிறது. விழித்தபோது தலையைச் சுற்றிக் கட்டு. புருவங்களுக்கு நடுவே விரல் தடிமனில் முறுக்கின தோல், அதற்கும் துணி சுற்றியிருந்தது. கண்ணாடி தர மாட்டேன் என்ற நர்சம்மாவோடு சண்டை போட்டு வாங்கிப் பார்த்தேன். வீங்கிச் சிவந்த புது மூக்கு. அதில், மூக்குத்தி இருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே, என் பச்சைப் பொட்டு. அழகு என்று சொல்ல முடியாது. ஆனால் தெரிந்த பொட்டைப் பார்த்ததும் மனசுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

பிறகு ஒரு மத்தியானம் ஓர் ஈ நெற்றியில் உட்கார்ந்து ஊர்ந்தது. ஓட்டக் கையைத் தூக்கினேன். கட்டுத் துணிதான் தட்டுப்பட்டது. ஈ போகவில்லை. அது மூக்கில் உட்கார்ந்திருக்கிறது என்று பக்கத்துக் கட்டில்காரி சொன்னாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் வீட்டுக்காரர் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு வைக்கோலால் மூக்கைத் தொடச் சொன்னேன். "ஏனுங்க, நெத்தியத் தொடறீங்க?" என்றேன். அவர் தொட்டது மூக்கைத்தான். மறுபடி மறுபடி தொடச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் நெற்றிதான். அவருக்கு அதில் கொஞ்சம் பயம். எனக்கோ விடவே மனசில்லை. தோல் வீடு மாறினது நரம்புக்கு இன்னும் தெரியாது, நாளாக நாளாகப் பழகிக்கொள்ளும் என்றார் டாக்டர்.

அதற்குள் கல்யாணம் வந்துவிட்டது. அடுத்தது ஆடி, தள்ளிப்போட வழியில்லை. காம்பை அறுக்கும் நாள் இன்னும் வரவில்லை. டாக்டர் முதலில் முடியாது என்றார். என் பிடிவாதத்தைப் பார்த்து, தண்ணீர் படக்கூடாது, நெற்றிக் கட்டை அவிழ்க்கக்கூடாது, முகூர்த்தம் முடிந்ததும் வந்துவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். பஸ்ஸில் ஒரு குழந்தை என்னைப் பார்த்து வீறிட்டது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன்.

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் இணைச்சீர். பந்தலில் கூட்டம் என் முகத்தையே பார்த்தது. புதுச்சேலை கட்டித் தம்பிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். எங்கள் கல்யாணங்களைச் செய்துவைக்கிற பெரியவரை அருமைக்காரர் என்போம். அவர் குங்குமத்தைத் தொட்டு என் நெற்றிக்குக் கொண்டுவந்தவர், பாதியில் கையை நிறுத்திவிட்டார்.

"பொட்டு வெக்க நெத்தி வேணுமல்ல, சாமி. கட்டு மேல வெச்சா துணிக்கு வெச்ச பொட்டாப் போயிருமே," என்றார்.

கெட்ட மனுஷர் இல்லை. பொட்டு இல்லாமல் சீர் தொடங்கி அவருக்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான். ஆனால் கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. சித்தப்பா மகள் நின்றாலும் சீர்தானே என்று யாரோ சொன்னார்கள். அவளும் பட்டுடுத்தித் தயாராகத்தான் இருந்தாள். தம்பி சேலை முனையை இறுகப் பிடித்துக்கொண்டு, "அக்கா இல்லீன்னா வேண்டாமுங்க," என்றான். என் கை கட்டை அவிழ்க்கப் போனது. டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்து அங்கேயே நின்றது. கோபத்தில் முகம் கொதித்தது. அந்தக் கொதிப்பில்தான் ஈ உட்கார்ந்த மத்தியானம் ஞாபகம் வந்தது.

"நெத்தி கீழ எறங்கியிருக்குதுங்க," என்றேன். "பச்சப் பொட்டுத் தெரியுதல்ல, அது மேல வெய்யுங்க."

அவர் குனிந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, என் மூக்கை வெகுநேரம் பார்த்தார். என் கல்யாணத்தைச் செய்துவைத்தவரும் அவர்தான்.

"ஆமா," என்றார். "இதும் மேலதான் உன் கண்ணாலத்துலயும் வெச்சேன்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் மூக்கில்தான் வைத்திருக்க வேண்டும். ஆனால் அந்த விரல் எனக்கு நடு நெற்றியில்தான் பட்டது. என் கல்யாணத்தன்று பட்ட அதே இடம். அடக்க முடியாமல் அழுதேன். கண்ணைத் திறந்தபோது தம்பி சேலையின் மறுமுனையை நீட்டிக்கொண்டிருந்தான். வாங்கிப் பிடித்துக்கொண்டேன்.